கொழும்புக்குக் குடிவந்தவர்கள் பிள்ளைக்குத் தடுப்பூசி போடுவது எப்படி: கார்ட், கிளினிக், செலவு

யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ ஹட்டனோ, துபாயோ லண்டனோ, எங்கிருந்தோ சின்னப்பிள்ளையோடு கொழும்புக்குக் குடிவந்திருக்கிறீர்கள். வீடு கிடைத்துவிட்டது, காஸ் சிலிண்டர் கிடைத்துவிட்டது, அடுத்த ஊசியை எங்கே போடுவது என்றுதான் தெரியவில்லை. இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். நாங்கள் வெள்ளவத்தைக்கு வந்த புதிதில் இதைத் தமிழில் ஒழுங்காகச் சொல்ல ஆள் கிடைக்காமல் நன்றாகவே அலைந்தோம். ஒரு கிளினிக்கில் காலை முழுக்க லைனில் நின்று உள்ளே போனபின், "உங்கட ரோட் எங்களுக்கு வராது" என்று திருப்பி அனுப்பினார்கள். அப்படியென்றால் யாருக்கு வரும் என்று கேட்டதற்கு, "ஓஃபிஸில கேளுங்க" என்பதுதான் பதில். எந்த ஓஃபிஸ் என்று சொல்லவில்லை.

கொழும்பில் தடுப்பூசிக்குக் குறைவில்லை. அரச கிளினிக்கில் காசும் இல்லை. ஊரில் மிட்வைஃப் மிஸ் படலையைத் தட்டி, "பிள்ளைக்கு வாற புதன் ஊசி" என்று சொல்லிவிட்டுப் போவார். இங்கே எட்டாம் மாடியில் இருக்கும் உங்களை அவர் தேடி வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் நீங்கள்தான் அவரைத் தேடிப் போகவேண்டும். அது நடந்துவிட்டால் மீதி வேலை சுலபம்.

1. உங்கள் மிஸ் யார் என்று கண்டுபிடியுங்கள்

நாடு முழுவதும் எம்ஓஎச் பிரிவுகளாக, அதாவது சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் தெருத்தெருவாகப் பங்குபோட்டு, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு குடும்பநல உத்தியோகத்தர் இருப்பார். பேச்சில் மிட்வைஃப், கூப்பிடும்போது மிஸ்.

கொழும்பு நகரத்துக்குள் இந்தக் கிளினிக்குகளை நடத்துவது மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களம். மட்டக்குளி, கொட்டாஞ்சேனை, புதுக்கடை, கொம்பனித்தெரு, பொரளை, கிருலப்பனை, வெள்ளவத்தை எல்லாம் இதற்குள் அடக்கம். தெஹிவளை, கொலன்னாவை பக்கம் போனால் வேறு எம்ஓஎச் பணிமனைகள். வத்தளை மாவட்டமே வேறு, அது கம்பஹா. எல்லையில் இருப்பவர்கள் கவனம்: தெஹிவளை வாய்க்காலைத் தாண்டிவிட்டால், வீட்டுக்காரர் "வெள்ளவத்தை" என்று சொல்லித்தான் வாடகைக்கு விட்டிருந்தாலும், நீங்கள் தெஹிவளை ஆட்கள்.

மிஸ்ஸைக் கண்டுபிடிக்கச் சுருக்கமான வழி, அதே ஒழுங்கையில் கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு அம்மாவைக் கேட்பது. அது சரிவராவிட்டால் கிராம சேவகர். இன்னொரு வழியும் உண்டு, பலருக்கு இது தோன்றுவதில்லை. டெங்கு சோதனைக்கு பூச்சாடித் தட்டையெல்லாம் பார்க்க வரும் பிஎச்ஐ மாத்தயா, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இருக்கிறாரே, அவரும் அதே எம்ஓஎச் பணிமனையைச் சேர்ந்தவர்தான். வாசலில் நிற்கும்போதே, "இந்த ரோட்டுக்கு எந்த மிஸ், எந்த கிளினிக்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றும் நடக்காவிட்டால் 1919க்கு அழையுங்கள். அரச தகவல் நிலையம், தமிழில் பேசலாம்.

ஃப்ளாட்டில் இருந்தால் இன்னொரு வேலை இருக்கிறது. கீழே இருக்கும் செக்யூரிட்டியிடம் உங்கள் பெயர், வீட்டு இலக்கம், குழந்தை இருக்கிறது என்ற விவரம் மூன்றையும் சொல்லி வையுங்கள். எங்கள் கட்டடத்தில் மிஸ் குடையும் பதிவேடுமாக வந்து நிற்க, "இங்க சின்னப்பிள்ளைகள் ஒருத்தரும் இல்ல" என்று செக்யூரிட்டி அனுப்பிவிட்டார். அப்போது மேலே ஐந்து வீடுகளில் கைக்குழந்தைகள். அவர் மீது பிழையில்லை, யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அனெக்ஸில் இருப்பவர்கள் வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லி வைத்தால் போதும்.

2. ஆவணங்கள்

முதலாவதும் முக்கியமானதும் பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு. ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்து வீட்டுக்கு வரும்போது தருவார்களே, ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு ரோஸ். எல்லோரும் கார்ட் அல்லது கிளினிக் கொப்பி என்றுதான் சொல்வார்கள். இது இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கூடவே பிறப்புச் சான்றிதழின் போட்டோ கொப்பி, அம்மா அல்லது அப்பாவின் அடையாள அட்டை, இப்போதைய முகவரியைக் காட்ட கரண்ட் பில்லோ வாடகை ஒப்பந்தமோ ஒன்று. வாடகை வீட்டில் பில் வீட்டுக்காரர் பெயரில்தான் வரும், பரவாயில்லை. தேருநர் இடாப்பில் நீங்கள் இன்னும் ஊரில் இருந்தாலும் பிரச்சினை இல்லை. இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதுதான் இந்த வேலைக்குக் கணக்கு.

ஊரை விட்டுப் புறப்படும் முன் பழைய மிஸ்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லி, அவருடைய தொலைபேசி இலக்கத்தையும் வாங்கி வையுங்கள். இங்கே ஏதாவது திகதி தெளிவில்லாமல் இருந்தால், அவருடைய பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல அவரால் முடியும்.

கார்டின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, கணவனும் மனைவியும் ஆளுக்கொரு கொப்பி வைத்திருங்கள். தொலைந்துவிட்டாலும் பயப்பட வேண்டாம். கிளினிக்கிலும் மிஸ்ஸிடமும் தனித்தனிப் பதிவு இருக்கும், அதை வைத்துப் புது கார்டில் எழுதித் தரலாம். ஆனால் இரண்டு ஊர், மூன்று கிளினிக் என்று மாறியிருந்தால் அது இழுபடும் வேலை.

3. வெளிநாட்டில் இருந்து வந்தவர்களுக்கு

அரபியில் எழுதிய கார்ட் என்றால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டு போங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் அப்படியே போதும். மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டு வராமல் எம்ஓஎச் டொக்டரையே பார்க்கக் கேளுங்கள். எது போட்டாயிற்று, எது மிச்சம் என்று பார்த்துத் திட்டம் போடுவது அவருடைய வேலை.

நாடுகளுக்கு நாடு அட்டவணை மாறும். இங்கிலாந்தில் பிறந்த பிள்ளைகளில் பலருக்கு பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்டிருக்க மாட்டார்கள், யப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி அங்கே அட்டவணையிலேயே இல்லை. இந்தியாவில் அரச திட்டத்தில் போடுவது சின்னமுத்துக்கும் ருபெல்லாவுக்குமான எம்ஆர், அதில் கூகைக்கட்டுக்கான மருந்து இல்லை. இங்கே மூன்றும் சேர்ந்த எம்எம்ஆர். "அங்க எல்லாம் போட்டாச்சு" என்று சொல்லி முடித்துவிட்டால் இந்த இடைவெளிகள் அப்படியே நின்றுவிடும்.

4. எந்த வயதில் எது

பிறந்தவுடன்: பிசிஜி, காசநோய்க்கு. ஆஸ்பத்திரியை விட்டு வரும் முன் போட்டுவிடுவார்கள். இடது தோளில் தழும்பு வர வேண்டும். 6 மாதம் கழித்தும் தழும்பு இல்லையென்றால் மிஸ்ஸிடம் காட்டுங்கள், 5 வயதுக்குள் திரும்பப் போடலாம்.

2 மாதம், 4 மாதம்: ஐந்து நோய்க்கு ஒரே ஊசியான பென்டா (தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி, ஹெபடைடிஸ் பி, ஹிப் என்ற பக்டீரியாவால் வரும் நோய்), போலியோ சொட்டு, கையில் தோலுக்குள் ஒரு சின்ன போலியோ ஊசி.

6 மாதம்: மூன்றாவது பென்டா, போலியோ சொட்டு.

9 மாதம் முடிந்ததும்: முதலாவது எம்எம்ஆர். சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா.

12 மாதம் முடிந்ததும்: யப்பானிய மூளைக்காய்ச்சல்.

18 மாதம்: முக்கூட்டு ஊசி (தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி), போலியோ சொட்டு.

3 வயது: இரண்டாவது எம்எம்ஆர்.

5 வயது: தொண்டைக்கரப்பன், ஏற்புவலி இரண்டுக்குமான ஊசி, போலியோ சொட்டு.

முதல் ஆறு மாதத்தை யாரும் மறப்பதில்லை. பாட்டி, சித்தி எல்லோரும் ஞாபகப்படுத்துவார்கள். நழுவுவது 18 மாதமும் 3 வயதும்தான். அம்மா வேலைக்குத் திரும்பியிருப்பார், பிள்ளை டேகெயாருக்குப் போகும், நடுவில் வீடும் மாறியிருக்கும். இந்த இரண்டையும் போன் கலண்டரில் இன்றைக்கே போட்டு வையுங்கள்.

இங்கே சின்னமுத்து பற்றி ஒரு எச்சரிக்கை. 2019 இல் இலங்கை சின்னமுத்தை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2023 இல் கொழும்பு உட்பட சில மாவட்டங்களில் அது திரும்ப வந்தது. அதனால் 2024 தொடக்கத்தில் 9 மாவட்டங்களில் 6 மாதத்துக்கும் 9 மாதத்துக்கும் இடைப்பட்ட குழந்தைகளுக்கு மேலதிகமாக ஒரு டோஸ் போட்டார்கள். உங்கள் பிள்ளைக்கு அப்படிப் போட்டிருந்தால் அது கணக்கில் சேராது. 9 மாதத்து டோஸும் 3 வயது டோஸும் தனியே போட்டிருக்க வேண்டும். கார்டை எடுத்து எம்எம்ஆர் வரிகளில் இரண்டு திகதி இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

கர்ப்பமாக இருப்பவர்கள் வந்த உடனேயே மிஸ்ஸிடம் பதிய வேண்டும். முதல் கர்ப்பத்தில் 12 கிழமைக்குப் பிறகு ஏற்புவலி ஊசி, 6 முதல் 8 கிழமை விட்டு இன்னொன்று. அடுத்த பிள்ளைக்கு அந்தப் பழைய பதிவைக் கொண்டுபோனால் ஊசி குறையும்.

5. கிளினிக் நாளன்று

தடுப்பூசி கிளினிக் தினமும் நடக்காது. கிழமையில் அல்லது இரண்டு கிழமைக்கு ஒரு குறித்த நாள், அநேகமாகக் காலையில். இதற்குக் காரணம் இருக்கிறது. எம்எம்ஆர் ஒரு குப்பியில் பல பிள்ளைகளுக்கான மருந்து இருக்கும். தூளைக் கரைசலில் கலக்கினால் 6 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், மிஞ்சியதைக் கொட்டத்தான் வேணும். அதனால்தான் பிள்ளைகளை ஒரே நாளில் சேர்க்கிறார்கள். வேறு நாளில் போய் "ஒரு ஊசிதானே" என்று வாதாடிப் பயனில்லை.

போயா நாளில் கிளினிக் விழுந்தால் தள்ளிவிடும். ஏப்ரல் புத்தாண்டுக் கிழமையிலும் கொழும்பே காலி. புறப்படும் முன் போன் போட்டுக் கேளுங்கள். அறிவிப்புப் பலகை சில இடங்களில் சிங்களத்தில் மட்டும்தான் தொங்கும். "என்னத் தென தவஸ கவதாத?" என்று கேட்டால் ஊசி போடும் நாளைச் சொல்லிவிடுவார்கள். தமிழ் தெரிந்த மிஸ் அல்லது தாதி பெரும்பாலும் ஒருவராவது உள்ளே இருப்பார், கூப்பிடச் சொல்லுங்கள். அதிலும் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை பக்கம் பெரிய சிரமமில்லை.

உள்ளே நடப்பது இதுதான்: நம்பர் எடுப்பது, நிறை பார்ப்பது, கார்டில் புள்ளி வைப்பது, பிறகு டொக்டர், அப்புறம் ஊசி. பிள்ளைக்குத் தொடை தெரியும்படி தளர்வான உடுப்புப் போடுங்கள். நாப்பி, தண்ணீர், மாற்றுத்துணி மறக்கவேண்டாம். பசியோடு கூட்டிப் போகக்கூடாது, பால் கொடுத்துக்கொண்டே இருக்கலாம்.

டொக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியவை: போன முறை ஊசிக்கு என்ன நடந்தது, வலிப்பு ஏதும் வந்ததா, சாப்பாட்டு ஒவ்வாமை உண்டா. பசுப்பால், மாட்டிறைச்சி ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் எம்எம்ஆருக்கு முன் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியில் வைத்துப் போட அனுப்புவார்கள். இதைச் சொன்னால் ஊசி தள்ளிப்போய்விடும் என்று மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம்.

தடிமனும் லேசான இருமலும் ஊசிக்குத் தடையில்லை. "மூக்கு ஒழுகுது, சுகமானாப் பிறகு பாப்பம்" என்று தள்ளினால், கொழும்புப் புகையிலும் டேகெயாரிலும் அந்த மூக்கு எப்போது நிற்கப்போகிறது? காய்ச்சல் கடுமையாக இருந்தால் மட்டும் தள்ளுங்கள், அதையும் டொக்டர் தீர்மானிக்கட்டும்.

போட்ட பிறகு அரை மணித்தியாலம் கிளினிக்கிலேயே இருங்கள். ஓட்டோ வந்துவிட்டது என்று ஓடவேண்டாம். அரிதாக வரும் கடும் ஒவ்வாமை அநேகமாக இந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும், அதற்கான மருந்தும் அங்கேயே இருக்கும். எழும்பும் முன் கார்டைத் திறந்து திகதி, தொகுதி இலக்கம், அடுத்த திகதி மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

6. வீட்டுக்கு வந்த பிறகு

பென்டா போட்ட அன்றிரவு காய்ச்சல், அழுகை, தொடையில் தடிப்பு வரலாம். பனடோல் சிரப்பை மிஸ் சொன்ன அளவில், பிள்ளையின் நிறைக்கேற்பக் கொடுங்கள். எம்எம்ஆர் வேறு மாதிரி: அன்றைக்கு ஒன்றும் இருக்காது, ஒரு கிழமை கழித்துத்தான் காய்ச்சலும் சின்னச் சின்னப் பொட்டும் வரும். பிசிஜி போட்ட இடம் சில கிழமை கழித்து வீங்கிச் சீழ் பிடிக்கும், அது எதிர்பார்த்ததே. மஞ்சள், எண்ணெய், களிம்பு ஒன்றும் பூசவேண்டாம்.

மூன்று மணித்தியாலத்துக்கு மேல் விடாத அழுகை, வலிப்பு, மூச்சுத்திணறல், பிள்ளை துவண்டு போவது என்றால் உடனே ஆஸ்பத்திரி. 1990 அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. பொரளையில் லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. பிறகு எம்ஓஎச் பணிமனைக்கும் அறிவியுங்கள், அடுத்த டோஸை எப்படிப் போடுவது என்று அவர்கள் முடிவெடுக்க அது தேவை.

7. திகதி தவறியிருந்தால்

முதலில் இருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்தில் இருந்து தொடர்வார்கள். இரண்டு பென்டா எடுத்து எட்டு மாதம் இடைவெளி விழுந்திருந்தாலும் மூன்றாவதுதான் போடுவார்கள். பிந்தி வந்ததற்கு ஏச்சு விழும் என்ற பயத்தில் இன்னும் பிந்துகிறவர்கள் பலர். ஏச்சு விழுந்தாலும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். எம்எம்ஆரும் யப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியும் உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்தவை. ஒரே நாளில் போடாவிட்டால் இரண்டுக்கும் இடையில் 4 கிழமை வேண்டும். அதனால் நீங்களாகவே இன்று இங்கே ஒன்று, நாளை தனியாரிடம் ஒன்று என்று ஓடவேண்டாம்.

8. தனியாரில் போடுவதா?

அரச கிளினிக்கில் செலவு ஓட்டோவும் போட்டோ கொப்பியும் அரை நாள் லீவும் மட்டுமே. தனியாரில் ஊசியின் விலை, டொக்டரின் செனலிங் காசு, ஆஸ்பத்திரிக் கட்டணம் என்று மூன்றும் தனித்தனி. ஒரு டோஸுக்கே ஆயிரக்கணக்கில் போகும். போனில் விலை கேட்கும்போது, "எல்லாம் சேர்த்து எவ்வளவு, எத்தனை டோஸ், ஸ்டொக் இருக்கா?" என்று கேளுங்கள். ஊசி விலையை மட்டும் சொல்லி விடுவார்கள்.

"வலியில்லாத ஊசி" என்று தனியாரில் சொல்வது அநேகமாக ஆறு நோய்க்கான ஊசி. அதில் குக்கலுக்கான பகுதி வேறு வகை, காய்ச்சல் குறைவு. அதற்காகப் பணம் கொடுப்பது உங்கள் விருப்பம், பாதுகாப்பில் அரச ஊசி குறைந்ததல்ல. தனியாருக்குப் போக உண்மையான காரணம் அரச அட்டவணையில் இல்லாதவை: கொப்புளிப்பான், ஹெபடைடிஸ் ஏ, வயிற்றோட்டத்துக்கான ரோட்டா போன்றவை. இதில் ரோட்டா சொட்டு மருந்தை முதல் சில மாதங்களுக்குள் தொடங்கியாக வேண்டும், பிறகு கொடுக்க மாட்டார்கள்.

தனியாரில் போட்டால் அவர்களுடைய பளபளப்புக் கொப்பியில் மட்டும் எழுதி வாங்கி வராதீர்கள். அரச கார்டைக் கொண்டுபோய் அதிலும் எழுதச் சொல்லி, மிஸ்ஸிடமும் காட்டுங்கள். இல்லாவிட்டால் அரசப் பதிவில் உங்கள் பிள்ளை ஊசி போடாத பிள்ளைதான்.

ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா பக்கம் போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில். கடவுச்சீட்டு கட்டாயம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், டிக்கெட்டை அதற்கேற்றபடி எடுங்கள்.

9. பாடசாலையில் போடுபவை

ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசி, 2017 இல் இருந்து அரச திட்டத்தில் இலவசம். ஏழாம் வகுப்பில் ஏற்புவலி, தொண்டைக்கரப்பன் ஊசி. முன்பே ஒரு சம்மதப் படிவம் புத்தகப் பையில் வரும். பிள்ளை எடுத்துத் தராவிட்டால் அது சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில் கசங்கிக் கிடக்கும். வகுப்பு அம்மாமாரின் குழுவில் கேட்டுவையுங்கள். அன்று பாடசாலைக்குப் போகாமல் விட்டால் எம்ஓஎச் கிளினிக்கில் கேட்டுப் போடலாம். சர்வதேசப் பாடசாலை என்றால், அங்கே குழு வருகிறதா என்று நீங்களே அலுவலகத்தில் கேளுங்கள்.

எச்பிவி ஊசியால் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காது என்று வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றும். எம்எம்ஆரால் ஓட்டிசம் என்று இன்னொன்று. பின்னதற்கு அடிப்படையான 1998 ஆம் ஆண்டுக் கட்டுரையை அதை வெளியிட்ட லான்செட் சஞ்சிகையே 2010 இல் மீளப்பெற்றுவிட்டது. முன்னதற்கு எந்த ஆதாரமும் இல்லை. குரல்பதிவு அனுப்பிய அக்காவோடு குழுவில் சண்டை போட்டுப் பலனில்லை, தனியாகப் பேசி அவருடைய பயம் எதில் என்று கேளுங்கள். பல நேரம் அது ஊசியைப் பற்றியதே அல்ல, கிளினிக்கில் சிங்களத்தில் கேட்டால் என்ன சொல்வது என்ற தயக்கம். அப்படியானவரை அடுத்த கிளினிக் நாளில் உங்களோடு கூட்டிப் போங்கள்.

10. கட்டடத்துக்கே ஒரு தாள்

எங்கள் ஃப்ளாட்டில் பலன் தந்தது லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டிய ஒரு ஏ4 தாள். தமிழிலும் சிங்களத்திலும் மூன்றே விஷயம்: எந்த கிளினிக், எந்தக் கிழமை, கார்டைக் கொண்டுபோங்கள். மிஸ்ஸின் இலக்கத்தை அவரிடம் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். சில மிஸ்மார் தங்கள் சொந்த இலக்கத்தை விரும்புவதில்லை, அப்போது எம்ஓஎச் பணிமனை இலக்கத்தைப் போடுங்கள். பிள்ளைகளின் பெயர், எந்த ஊசி பாக்கி என்பதெல்லாம் தாளில் வரக்கூடாது. கிளினிக் நாள் மாறினால் தாளையும் மாற்ற ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் அந்தப் பொறுப்பு இப்போது அதே செக்யூரிட்டியிடம்.